ஹீற்றருக்குப் பத்து நாள்

யோகம் அக்கா வீட்டுப் பேஸ்மென்றுக்குள் இறங்கினேன். என் ஹீற்றரைக் காணவில்லை.

என் ஹீற்றர் என்றால் நான் பூட்டிய ஹீற்றர். அஜின்கோர்ட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய சின்ன வீடு. ஆறு வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்குச் சுடுதண்ணீர் ஹீற்றர் பூட்டிக் கொடுத்தேன். வருஷம் ஒரு தடவை போய் அடியில் தேங்கிய ஊத்தைத் தண்ணீரைத் திறந்து விடுவேன். நல்ல சாமான். இன்னும் ஆறேழு வருஷம் ஓடியிருக்கும்.

அது நின்ற இடத்தில் வேறொன்று நின்றது. தடித்த உடம்பு. தலையில் ஒரு விசிறிப் பெட்டி. பெட்டியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. என் குழாய் புகைபோக்கிக்குள் போன ஓட்டையைத் தகரத்தால் மூடியிருந்தார்கள்.

பிளக் நிலத்தில் கிடந்தது.

"ஆர் அக்கா கழட்டினது?"

"நான்தான்."

"ஏன்?"

"உது ஒரே ஊதுது தம்பி. ரெலிபோன் அடிச்சாலும் கேக்காது."

பிளக்கைக் கழற்றினால் அந்த ஹீற்றர் வேலை செய்யாது. இரண்டு நாளாக வீட்டில் சுடுதண்ணீர் இல்லை. மேலே வாடகைக்கு இருக்கிறவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் எனக்குப் போன் அடித்திருக்கிறார். இல்லாவிட்டால் அடித்திருக்கவும் மாட்டார்.

வைகாசி நடுப்பகுதி அது. ஊரில் போர் முடிகிற நாட்கள். இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை. பத்திரிகை ஆசிரியரும் அந்தக் கிழமைகளில் என்னிடம் பத்தி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதை எழுதுவது? ஹீற்றரைப் பற்றியா?

இப்போது ஹீற்றரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை.

யோகம் அக்காவும் கணவரும் மேல் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் கீழே இருக்கிறார்கள். கணவர் தூர லொறி ஓடுகிறவர். அந்தக் கிழமை அல்பேட்டாவில் நின்றார். அக்காவின் தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் வன்னியில், சனம் அகப்பட்டிருந்த அந்தக் கடற்கரைத் துண்டுக்குள். கடைசியாகப் பங்குனியில் கதைத்தது. தங்கச்சிக்கு மனப்பாடமான நம்பர் ஒன்றுதான். இந்தப் பேஸ்மென்ற் ரெலிபோன் நம்பர்.

அதனால் அக்கா ரெலிபோனுக்குப் பக்கத்தில் சோபாவில் படுப்பார். சோபாவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கதவு. கதவுக்குப் பின்னால் ஹீற்றர்.

பழையது சத்தம் போடாது. புதியது ஊதும். அவ்வளவுதான் கதை. ஆனால் அவ்வளவு மட்டும் இல்லை.

"ஆர் கொண்டுவந்து பூட்டினது?" என்று கேட்டேன்.

"எங்கட பெடியன் ஒருத்தன் வந்தவன். திங்கக்கிழமை. அரசாங்கத்தின்ர புது விசயம், ஒரு கையெழுத்து வேணும் எண்டான். வைச்சன்."

"என்ன பேப்பர் எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டனான்."

"என்னெண்டு?"

அக்கா சோபாவைப் பார்த்தார். "எங்கட சனத்துக்காகவோ தம்பி எண்டு கேட்டனான். ஓம் அக்கா, எங்கட சனத்துக்கும்தான், எல்லாருக்கும் நல்லது எண்டவன்."

தகரத்தால் மூடிய ஓட்டையைத் தடவிப் பார்த்தேன்.

"சட்டையில துக்கத்துக்குக் கறுப்புப் பட்டி குத்தியிருந்தவன்" என்றார். தன் பக்கம் நியாயம் சொல்கிற மாதிரி.

வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் நம் வீட்டுக் கதவுகளை யார் யார் தட்டினார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகள். சங்கத்து ஆட்கள். கோயில் ஆட்கள். எல்லோர் கையிலும் பேப்பர். போரை நிறுத்து, சாப்பாடு அனுப்பு, மருந்து அனுப்பு. நாங்கள் வாசிக்கவில்லை. வாசிக்க என்ன இருக்கிறது? பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தோம். நானும் வைத்தேன். சப்பாத்துக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே வைத்தேன்.

அந்த வாசலுக்கு ஒருவன் ஹீற்றர் பேப்பரோடு வந்தான்.

"அந்தப் பேப்பரின்ர கொப்பி ஏதும் தந்தவனோ?"

ஒரு கடைப் பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். துண்டுப் பிரசுரங்கள், ஊர்வல அறிவித்தல்கள், மனுக்களின் பிரதிகள். எல்லாவற்றுக்கும் நடுவில் மஞ்சள் தாளில் ஒரு ஒப்பந்தம். யோகம் அக்காவின் கையெழுத்து. வடிவான கையெழுத்து.

எனக்கு இங்கிலீஷ் விரல் வைத்துத்தான் வாசிக்க வரும். வைத்து வாசித்தேன். ஹீற்றர் வாடகைக்கு. பதினைந்து வருஷம். மாதா மாதம் வாடகை காஸ் பில்லோடு வரும். இடையில் திருப்பிக் கொடுத்தால் தண்டம். பழைய ஹீற்றரைக் கழற்றிக் கொண்டுபோகச் சம்மதம் என்றும் ஒரு வரி. கொண்டுபோய்விட்டார்கள். இந்நேரம் பழைய இரும்புக் கடையில் கிடக்கும்.

பின்பக்கம் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. பத்து நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தம் செல்லாது. காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு ஹீற்றரைப் பற்றி யோசிக்கப் பத்து நாள் தவணை கொடுக்கிற நாடு இது. அந்தக் கிழமை வேறொரு இடத்துக்கு ஒரே ஒரு நாள் தவணை கேட்டு இந்த ஊர்ச் சனம் றோட்டில் இருந்தது. கிடைக்கவில்லை.

திங்கள் வைத்த கையெழுத்து. அன்று வெள்ளி. அடுத்த வியாழன் வரைக்கும் நேரம் இருந்தது.

"அக்கா, உதைத் திருப்பி அனுப்பலாம். ஒரு கடிதம் எழுதவேணும்."

"உன்ர விருப்பம்போலச் செய். எனக்கு உந்தச் சத்தம் வேண்டாம்."

இந்தப் புதிய சட்டம் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். தொழில்காரனுக்குத்தான் தெரியும்.

விதி உண்மை. புதிதாகச் செய்து விற்கிற ஹீற்றர்கள் குறைந்த காஸில் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். சூடு வெளியே போகக் கூடாது. அதற்காக உடம்பைச் சுற்றிப் பஞ்சு தடிப்பாக வைக்கிறார்கள். அதனால் ஹீற்றர் பருத்துவிட்டது. பழைய வீடுகளின் சின்னக் கதவால் உள்ளே போகாது. சிலதுக்கு விசிறி வேண்டும், கரண்ட் வேண்டும், வேறு குழாய் வேண்டும். நான் அதற்காக ஒரு வகுப்புக்கும் போனேன். மூன்று மணித்தியாலம் இங்கிலீஷ். பாதி விளங்கியது. மீதியைக் கையால் தொட்டு விளங்கிக்கொண்டேன்.

அதில் எனக்குக் கோபம் இல்லை. காஸ் மிச்சம் பிடிப்பது நல்ல காரியம்.

ஆனால் வீட்டில் ஏற்கனவே ஒழுங்காக ஓடுகிற ஹீற்றரைக் கழற்று என்று எந்த விதியும் சொல்லவில்லை. பழுதானால் புதிது போடும்போது புதிய விதி. அவ்வளவுதான்.

சட்டத்தை ஒட்டாவாவில் எழுதுகிறார்கள். அதை நமக்கு மொழிபெயர்க்கிறவன் வாசலில் கிளிப்போர்டோடு நிற்கிறான். அவன் சொல்வதுதான் சட்டம்.

அந்த வசந்தம் முழுக்க எனக்கு அப்படித்தான் ரெலிபோன் வந்தது. "அண்ணை, என்ர ஹீற்றர் சட்டவிரோதமாம், உண்மையோ?" இப்படிக் கேட்டவர்கள் நல்லவர்கள். கேட்காமல் கையெழுத்து வைத்தவர்கள் பிறகு எனக்கு அடித்து ஏசினார்கள். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், றிச்மண்ட் ஹில்லில், நான் பூட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை. "சட்டம் தெரியாத ஆளெண்டு முதலே சொல்லியிருக்கலாமே, ஐசே" என்றார்.  போனை வைத்தேன்.

இதில் என் பிழையும் உண்டு. மார்கழியிலேயே இந்தக் கதை என் காதுக்கு வந்துவிட்டது. இந்தப் பத்தியில் எச்சரித்திருக்கலாம். நான் கார் பற்றரியைப் பற்றி எழுதினேன். பனி தள்ளுவதைப் பற்றி எழுதினேன். தொழிலைப் பற்றி எழுதினால் விளம்பரம் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு லேசான காரியம். அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை என் மனைவி கடிதத்தை எழுதினாள். இந்தப் பத்தியில் எழுத்துப்பிழை திருத்துகிறவளும் அவள்தான்.

"நாலு வரி போதும்" என்றேன்.

"நீங்கள் சொன்னதே நாலு சொல்லு. அதை நாலு வரியாக்கிறதே பெரும்பாடு" என்றாள்.

கடிதத்தைக் கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. அக்கா நகரத்தின் நடுவில், அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால், சனத்தோடு நிற்கிறார் என்று மேல் வீட்டுக்காரர் சொன்னார். காலை போனால் பொழுதுபடத்தான் வருவாராம். பின்னே, ரெலிபோன்? பகலில் பக்கத்தில் இருக்கச் சொல்லித் தன் ஒன்றுவிட்ட தமக்கையைக் கூப்பிட்டு வைத்துவிட்டுப் போவாராம். அன்று அவவும் வரவில்லை. ஆனாலும் அக்கா போயிருக்கிறார். எதை விடுவது, எதைப் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தத்தில் இருந்த விற்பனைக்காரனின் நம்பருக்கு அடித்தேன். "ஹீற்றர் விசயமாக் கதைக்கவேணும்" என்றேன். விற்பனை என்று நினைத்துவிட்டான். அரை மணித்தியாலத்தில் நான் சொன்ன பிளாசா டோனற், கோப்பிக் கடைக்கு வந்து நின்றான்.

ஜெகன் என்று பேர் சொன்னான். முப்பத்தைந்து வயது இருக்கும். டை. சட்டையில் கொம்பனி அட்டை. அட்டைக்குப் பக்கத்தில் கறுப்புப் பட்டி.

"அண்ணையின்ர வீட்டில இப்ப என்ன ஹீற்றர் நிக்குது?"

"நான் ஹீற்றர் பூட்டிறனான்."

சிரிப்பு நின்றது. "ஓ" என்றான்.

"அஜின்கோர்ட்டில ஒரு அக்கா. யோகம்."

"ஒரு நாளைக்கு எத்தினை கதவு தட்டிறன் அண்ணை. எல்லாரையும் நினைவில வைச்சிருக்கேலாது."

"எங்கட சனத்துக்காகவோ எண்டு கேட்ட அக்கா."

கோப்பையைப் பார்த்தான். நினைவு இருந்தது.

"என்ன சொன்னனீர்?"

"புதுச் சட்டத்தைப் பற்றி விளங்கப்படுத்தினனான்."

"அதைக் கேக்கேல்லை. எங்கட சனத்துக்கோ எண்டு கேக்க என்ன சொன்னனீர்?"

"எங்கட சனத்துக்கும் காஸ் மிச்சம்தானே அண்ணை. நான் பொய் சொல்லேல்லை."

நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்தால் மற்ற ஆள் பேசும். அது ஒன்றுதான் என் வாய்க்கு இருக்கிற கெட்டித்தனம்.

"இல்லை எண்டு சொல்லியிருந்தா கதவைச் சாத்தியிருப்பா" என்றான்.

"சாத்தட்டும்."

"உங்களுக்குச் சொல்லலாம். உங்களைச் சனம் கூப்பிடுது. எனக்கு ஆர் கதவு திறக்கிறது? பக்டரி லே ஓஃப் பண்ணி, வேலையில்லாமல் ஆறு மாசம். உது ஒண்டுதான் கிடைச்சது."

"உந்தப் பட்டி என்னத்துக்கு? கதவு திறக்கவோ?"

முகம் மாறிவிட்டது. "அதைச் சொல்லாதேங்கோ அண்ணை. என்ர சொந்த அக்கா உள்ளுக்கை நிக்கிறா. நாலு பிள்ளையளோட. காலமையில நானும் றோட்டிலதான் நிக்கிறன். பின்னேரம்தான் கதவு தட்டிறன்."

பொய் இல்லை. ஆளின் கண்ணைப் பார்க்கத் தெரியும்.

அவன் முழுக் கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். ஏசிவிட்டு வந்திருப்பேன். அவனுடைய அக்காவும் அங்கே, யோகம் அக்காவின் தங்கச்சியும் அங்கே. இருந்தும் அவன் "ஓம்" என்றான். எனக்குக் கோபம் குறையவில்லை. கூடியது. வெள்ளைக்காரன் ஒருவன் அந்தக் கேள்விக்குத் தலையாட்டியிருந்தால், விளங்காமல் ஆட்டினான் என்று விடலாம். இவனுக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அதற்கு மேல் ஒரு ஹீற்றரை ஏற்றி வைத்தான்.

"கழட்டச் சொல்லும்" என்றேன்.

"என்ர கையில இல்லை. அவவின்ர கையெழுத்தோட கடிதம் வேணும். வியாழன் அஞ்சு மணிக்கு முன்னம் ஒஃபிசுக்குப் பக்ஸ் போகவேணும். பிந்தினா ஒண்டும் செய்யேலாது."

"உம்மட கொமிசன்?"

"போகும்."

"போகட்டும்."

கோப்பிக்கு நான்தான் காசு கொடுத்தேன். அவனிடம் வாங்க விருப்பமில்லை.

திங்கட்கிழமை, வன்னியில் எல்லாம் முடிந்த செய்தி வந்தது.

அன்று இங்கே மகாராணியின் பிறந்தநாள் லீவு. பொழுதுபட்ட பிறகு பக்கத்துப் பூங்காவில் வாணம் விட்டார்கள். வருஷா வருஷம் விடுகிறதுதான். அவர்களுக்கு என்ன தெரியும்? நான் ஜன்னலைச் சாத்தினேன். மனைவி பிளைண்ட்ஸையும் இறக்கிவிட்டாள். 

செவ்வாய் பின்னேரம் யோகம் அக்கா வீட்டுக்குப் போனேன். சோபாவில் இருந்தார். ரீவியை நிற்பாட்டியிருந்தார். அந்த வீட்டில் ரீவி நின்று நான் பார்த்தது அன்றுதான். ரெலிபோன் பக்கத்தில். பிளக் இன்னும் நிலத்தில்.

தங்கச்சியைப் பற்றி நான் கேட்கவில்லை. அழைப்பு வரவில்லை என்று அக்காவின் முகமே சொன்னது.

கடிதத்தை மேசையில் வைத்தேன். பேனையையும் வைத்தேன்.

"அக்கா, அண்டைக்குச் சொன்ன கடிதம். உதில ஒரு கையெழுத்து."

பேனையைத் தொடவில்லை.

"கையெழுத்தோ" என்றார். பிறகு கதைக்கத் தொடங்கினார். சத்தம் போடவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "பார்லிமென்றுக்கு வைச்சன். ஐநாவுக்கு வைச்சன். அமெரிக்காவுக்கு மூண்டு தரம் வைச்சன். கோயிலில மேசை போட்டிருந்தவை, அதில வைச்சன். சப்வே வாசலில பிள்ளையள் மழைக்குள்ள நிண்டுதுகள், பேப்பர் நனைஞ்சு பேனை எழுதேல்லை, திருப்பித் திருப்பி அழுத்தி வைச்சன். ஒருத்தனும் வாசிக்கேல்லை. என்ர கையெழுத்தைப் பாத்து வேலை செய்தது ஆர் தெரியுமோ? உவன் ஹீற்றர்காரன். ரெண்டே நாளில வந்து பூட்டிப்போட்டான்."

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எழுதப் போவதில்லை.

"அக்கா, வியாழக்கிழமைக்குப் பிறகு பதினைஞ்சு வருசம் உதை வைச்சிருக்கவேணும்."

"இருக்கட்டும். நான் இனி ஒண்டிலயும் கையெழுத்து வைக்கமாட்டன்."

"பிளக்கைப் போடாமல் எவ்வளவு நாளைக்கு இருப்பியள்? மேல்வீட்டு ஆக்கள்..."

"எழும்பிப் போ தம்பி. கோவிக்காத. போ."

எழும்பிப் போனேன்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "பழைய பில்லில அவவின்ர கையெழுத்து இருக்குத்தானே. அதைப் பாத்து நீங்களே வைச்சு அனுப்பிவிடுங்கோ. அவவின்ர நன்மைக்குத்தானே" என்றாள்.

பழைய பில்லை எடுத்தேன். பிரதி பண்ண லேசான கையெழுத்து. பேனையைக் கையில் எடுத்தும் விட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? அக்காவுக்கே தெரியாது. ஹீற்றர் போய்விடும், சத்தம் போய்விடும்.

பேனையை வைத்துவிட்டேன். ஜெகனும் நன்மைக்கு என்றுதான் சொன்னான்.

வியாழன் இரண்டு மணிக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அஜின்கோர்ட்டுக்கு ஓடினேன். அக்கா அதே இடத்தில் இருந்தார். கடிதமும் மேசையில் அதே இடத்தில். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நான் வாய்க்காரன் இல்லை. கடைசியில் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன்.

"அக்கா, நீங்கள் வைச்ச கையெழுத்தெல்லாம் கேட்டு வைச்சது. செய்யுங்கோ, தாங்கோ, நிப்பாட்டுங்கோ எண்டு. அவங்கள் செய்தாச் செய்தது, இல்லாட்டி இல்லை. உது கேக்கிற கடிதமில்லை."

திரும்பிப் பார்த்தார்.

"உதில நீங்கள் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கேல்லை. வேண்டாம் எண்டுறியள். நீங்கள் வேண்டாம் எண்டா முடிஞ்சுது. அவங்கள் ஓம் எண்டத் தேவையில்லை."

"ஏன் வேண்டாம் எண்டு கேப்பாங்கள்."

"கேக்கேலாது. காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு அவங்கட பேப்பரிலயே கிடக்கு."

"அவங்கள் மறுத்தா?"

"மறுக்கேலாது அக்கா."

இவ்வளவு நீளமாக நான் எந்த வீட்டிலும் கதைத்தது இல்லை. 

அக்கா வெகுநேரம் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் மணிக்கூடு மூன்று தாண்டியது. நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு பேனையை எடுத்தார். கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டுப் பேனையைக் கீழே வைக்கவில்லை. இங்கிலீஷ் வரிகளுக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் தமிழில் எழுதினார். பெரிய எழுத்து. தாள் கிழியுமோ என்கிற அழுத்தம்.

எனக்கு வேண்டாம்.

"உதையும் அனுப்பு" என்றார். "விளங்காட்டி ஆரையும் பிடிச்சு வாசிக்கட்டும்."

பிளாசாவில் இருக்கிற மருந்துக்கடையின் பக்ஸ் மெசினில் கடிதத்தை அனுப்பினேன். நாலு மணி ஆக ஐந்து நிமிஷம். போய்ச் சேர்ந்ததென்று மெசின் தந்த துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜெகன் அடித்தான். "கடிதம் சேந்திட்டுது அண்ணை. கழட்ட வருவினம்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்த அக்காவின்ர தங்கச்சி ஆக்கள்...?" என்றான்.

"தெரியாது. உம்மட அக்கா?"

"தெரியாது அண்ணை."

இரண்டு பேரும் போனை வைத்தோம். அவனுடைய அக்கா உயிரோடு வர வேண்டும் என்று நினைக்கிறேன். உண்மையாக நினைக்கிறேன். ஆனால் அவனை நான் மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம். என் மனதில் இருக்கிறது.

மன்னிக்காத ஆட்களில் அவன் கடைசி ஆள். அவனுக்கு மேலே ஒரு மனேஜர். மனேஜருக்கு மேலே ஒரு கொம்பனி. எந்தத் தெருவில் தமிழ்ச் சனம், அந்தத் தெருவுக்குத் தமிழ் ஆள் என்று பிரித்து அனுப்பியவன் ஒருவன் இருக்கிறான். அந்த மாதம் அந்தத் தெருக்களில் ஏன் இவ்வளவு சுலபமாகக் கையெழுத்து விழுகிறது என்று அவன் ஒரு தரமாவது யோசித்திருப்பானா? யோசித்திருந்தால் இன்னும் இரண்டு ஆட்களை அனுப்பியிருப்பான்.

போன கிழமை வந்து ஹீற்றரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நான் சீமெந்து வைத்து அடைத்தேன்.

மொத்தக் கடையில் தேடி விசிறி இல்லாத ஒன்றை எடுத்தேன். இதுவும் புதிய விதிப்படி செய்ததுதான். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விதி இதையும் விற்க விடுகிறது, வாசலில் வந்தவன்தான் சொல்லவில்லை. இரண்டு அங்குலம் பருமன் கூட. கதவு நிலையைக் கழற்றித்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. முழு நாள் வேலை. புகைபோக்கித் தகரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழாயைப் பழையபடி செருகினேன்.

உங்கள் வீட்டு வாசலிலும் யாராவது நிற்பார்கள். உங்கள் ஹீற்றர் சட்டவிரோதம் என்பார்கள். அந்தச் சட்டத்தை எழுத்தில் காட்டு என்று கேளுங்கள். உள்ளே விடாதீர்கள். தமிழில் வணக்கம் சொன்னால் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

அன்று புது ஹீற்றரில் நெருப்புப் பற்றவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். யோகம் அக்கா சோபாவில் இருந்தபடி தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடுதோ தம்பி?"

"ஓடுது."

"சத்தத்தைக் காணேல்லை."

"இல்லை அக்கா. ரெலிபோன் அடிச்சாக் கேக்கும்."